ஐஸ் பெட்டிக்குள் ஒரு கறி டப்பா

என் தங்கை குளிர்நாடு ஒன்றுக்குக் குடிபோய் இருபது வருடமாகிறது. பனி கொட்டும் மாதங்களில் வாசலில் நின்று வீடியோ எடுத்து அனுப்புவாள். மூடிப்போன கார், மூடிப்போன வேலி, முழங்கால் உயரத்துக்கு வெள்ளை. “பாத்தியாக்கா, மூணு நாளா வீட்ட விட்டு வெளிய போகல” என்பாள், ஏதோ பரிசு வாங்கினவள் மாதிரி. போன வருடத்து வீடியோவையே இந்த வருடமும் அனுப்புகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து வேலிப் பலகைகளை எண்ணியிருக்கிறேன். ஒரு பலகை குறைந்தது. அப்போதும் நான் முழுதாக நம்பிவிடவில்லை.

நான் அப்படித்தான். தண்ணீர்க் குடுவை போடுகிறவன் வந்தால் மூடியின் சீலை நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். கோயிலில் ஜெபத்தின்போது பக்கத்தில் இருப்பவர் நிஜமாகவே கண்ணை மூடியிருக்கிறாரா, என் கைப்பையைப் பார்க்கிறாரா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். என் வீட்டுக்காரர் நேரெதிர். இங்கே பர்மாவில், கியாக்டடா பேட்டையில் ஒரு கப்பல் ஆபீசில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். எவர் என்ன சொன்னாலும் “அப்படியா, சரி” என்று தலையாட்டுவார். வீட்டுக்கு ஒருவராவது சந்தேகப்பட வேண்டாமா? அந்த வேலையை இருவருக்கும் சேர்த்து நானே பார்த்துக்கொண்டேன்.

அவருக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் வயிற்றில் இன்சுலின் ஊசி. பால்கனி ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும் என்பதால் அங்கே நின்று, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தானே போட்டுக்கொள்வார். அந்த மருந்து இப்போதெல்லாம் லேசில் கிடைப்பதில்லை. இன்று இருக்கும் கடையில் நாளை இருக்காது. படியேறி, படியிறங்கி, தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்து, எப்படியோ மூன்று புட்டி சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். அவர் போடும் அளவுக்கு அது இரண்டரை மாதம் வரும். எங்கோ ஒரு தெருவில் திருட வந்தவர்கள் டிவியோடு குளிர்பெட்டியில் இருந்த மருந்தையும் எடுத்துப் போனார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். உண்மையோ பொய்யோ தெரியாது. கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஊசி மருந்து இருப்பது வெளியே ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டேன். பைபிள்மேல் கை வைத்துச் சொல்லுங்கள் என்றேன் அவரிடம். “இதுக்கெல்லாமா?” என்று சிரித்தாரே தவிர, கை வைக்கவில்லை.

நாங்கள் இருப்பது அதே நகரத்தில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில். அதற்கு மேலே தகரக் கூரைதான். ரயில் போனால் அலமாரிக் கண்ணாடி லேசாக அதிரும். இங்கே எல்லா மாடிகளிலிருந்தும் தெருவரைக்கும் ஆளுக்கொரு கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் ஒரு கிளிப். வந்தவர்கள் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும். நாம் எட்டிப் பார்த்து, ஆளைத் தெரிந்துகொண்டு, படிக்கட்டு இரும்புக் கதவின் சாவியைக் கயிற்றில் மாட்டி இறக்குவோம். காலையில் மொஹிங்கா என்கிற மீன்சாற்று நூடுல்ஸ் பொட்டலம் மேலே வருவதும் அதே கயிற்றில்தான். நாலு மாடி ஏறி இறங்க முடியாதவர்களுக்கு அது ஒரு கை. எனக்கு அதைவிடப் பெரிய சௌகரியம், கதவைத் திறக்காமலே வந்தவர் யார் என்று பார்த்துவிடலாம்.

கீழ்த் தளத்துப் பின்னறைக்கு அந்த மீன்காரி குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாற்பது வயது இருக்கும். பர்மியப் பெண், கன்னத்தில் எப்போதும் திட்டுத்திட்டாகத் தனகா மரப்பட்டைச் சாந்து. தனி ஆள். விடிவதற்கு முன்னால் ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டியைச் சைக்கா என்கிற சைக்கிள் வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவாள், மத்தியானம் திரும்புவாள். எந்த ஊர், புருஷன் எங்கே, ஏன் தனியாக வந்தாள், ஒன்றும் தெரியாது. கேட்டால் சிரிப்பாள். ஆனால் அவள் மட்டும் எங்களைக் கேட்பாள். “வீட்ல ரெண்டு பேருதானா அடோ?” என்று முதல் வாரமே கேட்டாள். அடோ என்றால் அத்தை, சித்தி மாதிரி. வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடுத்த வாரம், “ஊலே கீழ எறங்கவே மாட்டாரா?” என்று என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தாள். அவள் பேசுவது பர்மிய மொழியில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பவரைப் பார்த்து யார் சும்மா இருப்பார்கள்? மாடிப்படியில் உப்பு விலை பேசினாலும் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் பேசுகிற காலம். போதாததற்கு, காலையிலும் மாலையிலும் அவள் தெருவில் நின்று எங்கள் ஜன்னலையே அண்ணாந்து பார்ப்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். நான் தலையை நீட்டினால் உடனே குனிந்து பெட்டியைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

“அவ நம்ம வீட்ட நோட்டம் பாக்குறா” என்றேன் அவரிடம்.

“பாத்தா பாத்துட்டுப் போறா. நம்ம வீட்ல என்ன இருக்கு?”

“மூணு புட்டி இருக்கே!”

“மெதுவாப் பேசு, அவளுக்குக் கேட்டுடப் போவுது” என்று சொல்லி அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புயல் வந்தது ஒரு திங்கட்கிழமை. தண்ணீர்த் திருவிழா முடிந்து இரண்டு வாரம் இருக்கும். வெயில் தலையைப் பிளந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேல் வானம் ஒரு மாதிரிப் பழுப்பாகிவிட்டது. காக்கைகள் சத்தத்தை நிறுத்தின. மழை வரப்போகிறது என்று கொடியில் இருந்த துணியை எடுக்கப் போனேன். ஒரு துண்டைத்தான் எடுத்தேன், மிச்சத்தைக் காற்று எடுத்துக்கொண்டது. கூரையில் யாரோ கல்லெறிவதுபோல் முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. யாரோ வேண்டுமென்றே எறிகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தெருவில் சின்னப் பிள்ளைகள் “மோதீ! மோதீ!” என்று கத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் புரிந்தது. ஆலங்கட்டி.

கழற்சிக்காய் அளவில் ஆரம்பித்து எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. தகரத்தின் கீழே நின்றுகொண்டு ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. பால்கனி ஜன்னலில் இரண்டு கண்ணாடி போயிற்று. அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசற்படியின் கீழ் நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து, சமையலறைக்கு மேலிருந்த தகரம் ஒன்று ஆணியோடு பிய்ந்து பறந்தது. அடுப்பின்மேல் ஐஸ் கொட்டியது. சட்டியில் இருந்த பருப்புக்குள் வெள்ளை உருண்டைகள் விழுந்து மிதந்தன. எனக்குப் பயத்தில் அழுகை வந்தது. அவர் என் தலையில் ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இருபது நிமிடம் இருக்கும். நின்றதும் எட்டிப் பார்த்தேன். தெரு வெள்ளையாக இருந்தது. எதிர்க் கட்டடத்து முகப்பு, நின்றிருந்த கார்கள், சாக்கடைமேல் போட்ட பலகை, எல்லாம் வெள்ளை. என் தங்கையின் வீடியோவில் இருந்த அதே வெள்ளை, இரண்டு அங்குலத்துக்கு. அதை ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்பப் பார்த்தேன், லைன் இல்லை. மூலையில் இருந்த பெரிய மரம் வேரோடு சாய்ந்து, மின்கம்பத்தையும் அதன்மேல் இருந்த பெட்டியையும் சேர்த்துக் கீழே தள்ளியிருந்தது. சாதாரணமாகப் போகிற கரண்ட் நாலு மணி நேரத்தில் வரும். இது எப்போது வரும் என்று மரத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வெள்ளை எல்லாம் அரை மணி நேரத்தில் கரைந்து சேறாகிவிட்டது. நான் குளிர்பெட்டியின் கைப்பிடியில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டினேன், அவர் மறந்துபோய்த் திறந்துவிடக்கூடாது என்று.

விளக்கு வைக்கிற நேரத்தில் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். கீழே மீன்காரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இன்னொரு கையில் ஏதோ பை. படிக்கட்டுக் கதவைச் சாயங்காலமே பூட்டிவிடுவோம், கீழ்த் தளத்துக்காரர்களிடம் சாவி கிடையாது. இந்த நேரத்தில் இவளுக்கு என்ன வேலை? யார் வீட்டில் கூரை போயிற்று, யார் வீட்டில் ஜன்னல் போயிற்று என்று கணக்கெடுக்க வந்திருக்கிறாள் என்று தோன்றியது. உள்ளே வந்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும்.

“யாருன்னு பாரேன்” என்றார் அவர்.

“ஒருத்தரும் இல்ல. காத்து.”

காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. நான் எண்ணினேன், பதினோரு தடவை அடித்தது. கடைசியில் பால்கனிக்குப் போய், கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டி வைத்துவிட்டேன். அவள் கீழிருந்து ஏதோ சொன்னாள். காதில் விழாத மாதிரி ஜன்னலில் போர்வையை மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குளிர்பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் வடிந்தது. கையை விட்டுப் பார்த்தேன், வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் வித்தியாசம் இல்லை. தகரத்துக்குக் கீழே அப்படி ஒரு சூடு. அவர் உபயோகத்தில் இருந்த புட்டியை ஈரத் துணியில் சுற்றிக் கோப்பைக்குள் வைத்திருந்தேன். அதில் நாலு நாளைக்குத்தான் மருந்து. அந்த மூன்று புட்டி கெட்டால் சனிக்கிழமை காலைக்குப் பிறகு அவருக்கு ஒன்றுமில்லை. கோயிலில் ஜெனரேட்டர் உண்டு, ஆனால் அதன் சாவி வைத்திருக்கும் கோயில்பிள்ளை மேல் எனக்கு வேறு ஒரு பழைய சந்தேகம். டீக்கடையில் ஐஸ் தீர்ந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில், ஏன் அந்தத் தெருவிலேயே, ஐஸ் இருந்த ஒரே இடம் மீன்காரியின் பெட்டி. ஐஸ் ஆலையிலிருந்து தினமும் சைக்காவில் பாளம் பாளமாக வந்து இறங்கும்.

“போய் மருந்துன்னு சொல்லிக் குடு. நல்ல பொண்ணுதான்” என்றார் அவர்.

“நல்ல பொண்ணுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“நீ யாரத்தான் நல்லவன்னு சொல்லியிருக்க, சொல்லு.”

நான் வேறு யோசனை செய்தேன். இப்போது எழுதும்போது அதைப் புத்திசாலித்தனம் என்று எப்படி நினைத்தேன் என்று கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இங்கே பர்மியர்களில் நிறையப் பேர் மாட்டுக்கறி தொடமாட்டார்கள். அவள் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை மாடிப்படியில் என் பையைப் பார்த்து மூக்கைச் சுளித்து ஒதுங்கினவள். மூன்று புட்டியையும் பஞ்சில் சுற்றி, மூடி இறுகிய ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, அதன்மேல் சணல் கயிறும் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

“ஞீமா, ஞாயித்துக்கெழமை விருந்துக்கு வாங்கின மாட்டுக்கறி. கெட்டுப் போயிடும் போலிருக்கு. உன் ஐஸ்ல ரெண்டு நாள் வச்சிருக்கியா?” என்றேன். ஞீமா என்றால் தங்கை. வாய்தான் தங்கை என்றது.

அவள் முகம் ஒரு கணம் மாறியது. டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு, “சரி அடோ, குடுங்க” என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி அதற்குள் போடச் சொன்னாள். டப்பாவில் கை படாமல் வாங்கிக்கொண்டாள். என் கணக்கு சரி என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன். தொடவே மாட்டாதவள் எங்கே திறக்கப் போகிறாள்?

புதன்கிழமை விடியற்காலையில் சைக்கா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவள் பெரிய பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டிக்குள்தானே டப்பா இருக்கிறது? சந்தைக்கா கொண்டுபோகிறாள்? ஓடி இறங்கினேன். நாலு மாடி இறங்கி மூச்சு வாங்கி நிற்கும்போது சைக்கா திருப்பத்தைத் தாண்டிவிட்டது. அவள் கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது.

அன்று பகல் முழுக்க நான் பட்ட பாடு சொல்லி முடியாது. டேப்பைப் பிரித்திருப்பாள். டப்பா கனம் கறிக்கான கனம் இல்லை என்று கையிலேயே தெரிந்திருக்கும். சந்தையில் அவளுக்கு மருந்துக்காரர்களைத் தெரிந்திருக்கும். ஏன், அவள் மீன்காரியே இல்லாமல் இருக்கலாம்; மூன்று மாதமாக அவளிடம் யாராவது மீன் வாங்கிப் பார்த்திருக்கிறேனா? இதையெல்லாம் அவரிடம் வரிசையாகச் சொன்னேன். அவர் கூரை ஓட்டையின் கீழே வாளியை நகர்த்திக்கொண்டே, “அவகிட்ட மீன் வாங்குனது நீதான். போன மாசம் வாளை மீன் வாங்கினே, நல்லாயிருந்துச்சு” என்றார். மத்தியானம் அவள் திரும்பி வந்து, என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, “உங்க கறி பத்திரமா இருக்கு அடோ!” என்று கத்தினாள். கேட்காமலே ஏன் சொல்ல வேண்டும்? என் சந்தேகம் இரட்டிப்பானது.

வியாழக்கிழமை காலை எழுந்ததும், அவள் சந்தைக்குக் கிளம்புவதற்கு முன்னால், போய் டப்பாவைக் கேட்டேன். “இன்னும் கரண்ட் வரலியே அடோ” என்றாள். பரவாயில்லை, சமைக்கப் போகிறேன் என்றேன். அறையின் மூலையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். என் டேப், என் முடிச்சு, எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் டப்பா கையைச் சுட்டது. அப்படி ஒரு குளிர். மேலே கொண்டுவந்து திறந்தேன். பஞ்சு விறைத்து அட்டையாகியிருந்தது. மூன்று புட்டியிலும் மருந்து கல்லாக உறைந்திருந்தது. ஒன்றின் கழுத்தில் விரிசல்.

உறையவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் கொடுப்பார். என் வீட்டுக்காரர் ஒரு புட்டியை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிக் கரைத்துப் பார்த்தார். கரைந்தது, உள்ளே தவிடு மாதிரி ஏதோ மிதந்தது. “பரவால்ல, போட்டுப் பாக்குறேன்” என்றார். புட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். அந்த ஆள் அப்போதுகூட யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அவள் சைக்காவுக்குப் பக்கத்தில் நின்றாள். சைக்காக்காரர், மொஹிங்காக்காரி, எல்லாரும் இருந்தார்கள். நான் எதையும் யோசிக்கவில்லை. “என்னடி பண்ண இதுல? வேணும்னேதானே பண்ண?” என்று கத்தி, டப்பாவை அவள் முன்னால் திறந்து காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். கறி இல்லை. புட்டிகளைப் பார்த்தாள். ஒரு புட்டியை எடுத்து, லேபிளைக்கூடப் படிக்காமல், அது என்ன என்று தெரிந்துகொண்டாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன்.

“கறின்னீங்களே அடோ” என்றாள்.

நான் டப்பாவை மூடப் பார்த்தேன்.

“நாங்க த்வாண்டே பக்கம் வயல்ல வேல செஞ்ச ஜனம். மாடுதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. அதனால தொடமாட்டோம். மீனோட சேத்து வைக்க மனசு வரல. அதான் உங்க டப்பாவுக்குன்னு தனியா ஒரு பெட்டி. நான் சந்தைக்குப் போயிட்டா பகலெல்லாம் ஐஸ் மாத்த ஆள் இல்ல, விருந்துக்கறி கெட்டுடக் கூடாதேன்னு ஐஸ்ல கைநெறைய உப்புப் போட்டு நடுவுல புதைச்சு வச்சேன். உப்புப் போட்டா ஐஸுக்கு நடுவுல இருக்குறது கல்லாட்டம் உறைஞ்சிடும். மருந்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உப்புப் போட்டிருப்பேனா?”

மீன்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. எனக்கும் தெரிந்ததுதான், சின்ன வயதில் ஐஸ்கிரீம் சுற்றுகிறவர் வாளியில் உப்புக் கொட்டுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அவள் நிறுத்தவில்லை.

“எங்கம்மாவுக்கும் இதே ஊசிதான். ஊலே மாதிரியே ஜன்னலோரம் நின்னு போட்டுக்குவாங்க. அவரு போடும்போதெல்லாம் கீழ இருந்து பாப்பேன், அம்மா ஞாபகம் வரும். புயல் அன்னிக்குக் கரண்ட் போனதும் மருந்து கெட்டுப்போயிடுமேன்னு ஐஸ் எடுத்துட்டு வந்து மணியடிச்சேன். எத்தனை வாட்டி அடிச்சேன் தெரியுமா? நீங்க கயித்த மேல இழுத்துக்கிட்டீங்க. சரி, அவங்க வேற ஏற்பாடு பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

எத்தனை தடவை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து பொய் சொன்னது நான். கயிற்றை இழுத்தது நான். அவர் மருந்தைக் கெடுத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. தெருவில் அத்தனை பேருக்கு முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகமில்லை. கேட்டிருந்தால் இன்னும் நன்றாக ஞாபகம் இருந்திருக்கும்.

அன்றும் மறுநாள் காலையும் கியாக்டடாவில் நான் ஏறாத மருந்துக்கடை இல்லை. பாதி மூடிக்கிடந்தன. திறந்திருந்தவற்றில் அடுத்த வாரம் என்றார்கள். சாய்ந்த மரங்களைச் சுற்றி, பஸ் மாறி, வெறுங்கையோடு வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பினபோது அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். த்வாண்டேயில் அவள் அம்மாவுக்கு வாங்கின பழைய கடை ஒன்று இருக்கிறதாம். கடைக்காரருக்கு அவளைத் தெரியுமாம். டாக்டர் சீட்டையும் காலிப் புட்டியையும் கொடுத்தால் நாளைக்கு முதல் படகில் ஆற்றைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். சந்தை? “ஒரு நாள் மீன் விக்காட்டி மீனுக்குத்தான் சந்தோஷம்” என்றாள்.

சீட்டைக் கொடுத்தேன், பணத்தையும் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் அவருக்குக் கடைசி ஊசி. சாயங்காலத்துக்கு மருந்து இல்லை. பகல் பன்னிரண்டுக்கு நான் பால்கனிக்குப் போனேன். இரண்டு மணிக்குப் போனேன். மூன்று மணிக்கு எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பணத்தோடும் சீட்டோடும் போனவள் திரும்பி வருவாளா என்று நினைத்தேன். நடந்ததெல்லாம் நடந்த பிறகும், அவள் முகத்தைப் பார்த்த பிறகும், நினைத்தேன். அவள் அறைப் பூட்டு புதிதா பழையதா என்று யோசித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“ஆரம்பிச்சிட்டியா?” என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. எனக்கு என்னையே பிடிக்கவில்லை. சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்து, சிக்கெடுத்து, கிளிப்பைத் துடைத்து, தெருவரைக்கும் இறக்கி விட்டேன். திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இறக்குகிறேன்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

எட்டிப் பார்த்தேன். கால்முட்டிவரை சேறோடு அவள் நின்றிருந்தாள். கையில் பிரம்புக் கூடை, அதற்குள் ஒரு சின்ன மண்பானை, த்வாண்டேயில் செய்வது. பானைக்குள் ஈர மணல், மணலுக்குள் இன்னொரு குடுவை, அதற்குள் இரண்டு புட்டி. கரண்ட் இல்லாத ஊரில் அவள் அம்மாவுக்கு அப்படித்தான் வைப்பார்களாம். இதெல்லாம் பிறகு சொன்னாள். அப்போது கூடைப் பிடியைக் கயிற்றில் கட்டினாள், ஆனால் கையை விடவில்லை. கூடையைப் பிடித்துக்கொண்டே அண்ணாந்து, தெரு முழுக்கக் கேட்கிற சந்தைக் குரலில் கேட்டாள்.

“அடோ! இப்பவே சொல்லிடுங்க. இது மருந்தா, மாட்டுக்கறியா?”

மொஹிங்காக்காரி நிமிர்ந்து பார்த்தாள். சைக்காக்காரர்கள் பார்த்தார்கள். எதிர்க் கட்டடத்தில் மூன்று பால்கனிகளில் தலைகள் வந்தன; அவர்களில் ஒருவரையும் நான் நம்பியதில்லை. என் வீட்டுக்காரர் என் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மருந்து!” என்று கத்தினேன். “எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை! ஊசி மருந்து!”

அவள் கையை விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் கயிற்றை இழுத்தோம்.